பாலிகர் - ஆங்கிலத்துக்குப் போன பாளையக்காரர்

ஆங்கில அகராதிகளில் "பாலிகர்" என்று ஒரு சொல் இருக்கிறது. போலீஸுக்கு உறவு போலத் தோன்றும், ஆனால் இல்லை. போலீஸ் கிரேக்க வழி வந்தது. பாலிகர் நம்ம ஊர் பாளையக்காரர்தான்!

பாளையம் என்றால் முதலில் படை தங்கும் இடம். 16ம் நூற்றாண்டில் மதுரையில் விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்பது மரபுவழிக் கணக்கு. அதற்குப் பிறகு, படை கொடுக்கும் தலைவனுக்கு விட்ட நிலப்பகுதிக்கும் அதுவே பெயரானது. இராஜபாளையத்தின் பெயரில் பாளையம், பக்கத்துத் தளவாய்புரத்தின் பெயரில் தளவாய். அருகிலேயே சேத்தூர், சிவகிரி பாளையங்கள். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அகராதியே தேவையில்லை.

1886ல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி "ஹாப்சன்-ஜாப்சன்", இந்தச் சொல் தெலுங்கு அல்லது மராத்தி வடிவத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போயிருக்கும் என்கிறது. "க்கா" எப்படி "க" ஆனது என்பதற்கு அது பொருத்தமான விளக்கம்தான். ஆனால் பொருள் சொல்லும்போது, முன்காலத்தில் கொள்ளையடிக்கும் வழக்கமுள்ள காட்டுப்பகுதித் தலைவர்கள் என்கிறது. இங்கேதான் இடிக்கிறது. பாளையக்காரர் ஊர்க்காவல் பார்த்து அதற்கு வரி வாங்கியவர். அந்த உரிமை யாருக்கு என்பதுதான் சண்டையே. கும்பினிக்காரன் கண்ணில் அந்த வசூல் கொள்ளை. (அவன் வாங்கிய கிஸ்தி மட்டும் வரியாம்!) வென்றவன் எழுதிய அகராதி, வேறு எப்படி இருக்கும்?

1799 அக்டோபர் 16ல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801ல் ஊமைத்துரை மறுபடி கட்டிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையும் விழுந்தது. 1803ல் நிரந்தர நிலவரித் திட்டம் வந்ததும், மிஞ்சிய பாளையக்காரர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். ஆங்கிலத்தில் பாலிகர் வெறும் வரலாற்றுச் சொல்லாகிப் போனது.

இன்னொரு பொருள்தான் வேடிக்கை. அதே ஹாப்சன்-ஜாப்சனில் "பாலிகர் நாய்" என்று தனிப்பதிவு உண்டு: பெரிய, பலமான, முடியில்லாத நாய். இது இராஜபாளையம் நாயேதான் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். 2005ல் தபால்தலையில் வந்த நம்ம ஊர் வெள்ளை நாய்க்குக் குட்டையாகவாவது முடி உண்டே! இரண்டும் ஒன்று என்பதற்கு அகராதியின் அந்த ஒரு வரி போதாது.