மண்ணும் மணலும் சூளையும்

கனகராயன்குளப் பகுதியூடாக வடக்கு நோக்கிச் செல்லும் கனகராயன் ஆறு, இரணைமடுவை நிறைத்துச் சுண்டிக்குளம் கடனீரேரியைச் சேர்கின்றது. இவ்வாற்றையும் குளங்களையும் சார்ந்த வன்னியின் தொன்மையை ஆராய்வோர்க்குப் பானையோடுகள் முதன்மையான சான்றுகளாகும். ஆயின் ஓட்டின் நிறத்தைக் கண்டதும் இஃது இன்ன இனத்தாரது எனத் தீர்ப்புக் கூறும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அது பொருந்துமா?

குயவன் தனிக்களியை வனைவதில்லை. தனிக்களி உலருங்கால் சுருங்கி வெடிக்கும். சுருங்காத மணலைக் கலந்தால் வெடிப்புக் குறையும். மணல் மிகுந்தாலோ குழைவு கெட்டுக் கலம் எழாது. உமி கலந்தால் அது எரிந்து நுண்டுளைகளை விட்டுச் செல்லும். சுண்ணத் துணிக்கைகள் இடர் மிக்கவை. ஏறத்தாழ 800 பாகை செல்சியசு வெப்பத்திற் சிதைந்து நீற்றாத சுண்ணாம்பாகும் அவை, பின்னர் ஈரத்தை உறிஞ்சிப் பருத்துக் கலத்தையே பிளந்துவிடும். இதே கல்சியம் காபனேற்றைத் தூளாக்கி, ஸ்ரியறிக் அமிலம் பூசி, இன்றைய பிளாஸ்ரிக் தொழிலார் நிரப்பியாகச் சேர்க்கின்றனர். கலவையின் அளவும் வெப்பமும் அங்கும் பொருளின் தன்மையை மாற்றுவனவே.

இனி நிறம். கலத்தைக் கவிழ்த்து, வாய்ப்புறம் உமியிலோ வைக்கோலிலோ புதையச் சுட்டால், ஒட்சிசன் எட்டாத அப்பகுதியிற் காபன் படிந்து கறுக்கும். காற்றுப்பட்ட புறப்பகுதி, களியிலுள்ள இரும்பு ஒட்சியேற்றமடைவதாற் சிவக்கும். கறுப்புச் சிவப்புக் கலங்கள் தோன்றிய முறைக்கு ஆய்வாளர் பலர் கூறும் விளக்கம் இதுவே.

1970இல் அகழப்பட்ட கந்தரோடையிலும், 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆய்ந்த ஆனைக்கோட்டையிலும், பூநகரியிலும், பொம்பரிப்பிலும், அநுராதபுரத்திலும், கடல் கடந்து ஆதிச்சநல்லூரிலும் இவ்வகை ஓடுகள் கிடைத்துள்ளன. அவற்றின் ஒற்றுமை புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் இராசத்தானத்து ஆகாரிலும் கறுப்புச் சிவப்புக் கலங்கள் உண்டு. எகிப்தின் பதாரிப் பண்பாட்டினர் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வாய் கறுத்த செங்கலங்களைச் சுட்டனர். இவர்களையெல்லாம் ஒரு குலத்தினராக்குவார் எவருமிலர்! நிறம் சூளைக்குச் சான்று, குருதிக்குச் சான்றன்று. ஈமமுறையும் குறியீடுகளும் உடன்வருங்காலே உறவைப் பற்றிப் பேச இடமுண்டு.

ஓட்டின் உள்ளீட்டை நாம் போதிய அளவு நோக்கவில்லை என்பது என் கருத்து. யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலச் சுண்ணக்கல்லின் மீது அமைந்தது. கனகராயன்குளம் அமைந்த நிலமோ அதனினும் மிகப் பழைய உருமாறிய பாறை நிலம். ஆகவே ஓட்டை மெல்லிய சீவலாகத் தேய்த்து நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்தால், அதிலுள்ள துணிக்கைகள் அது பிறந்த நிலத்தைச் சுட்டக்கூடும். பானை பயணம் செய்ததா, குயவன் குடிபெயர்ந்தானா, செய்முறை மட்டும் பரவியதா என்ற வினாவை அதன் பின்னரே தொடுக்கலாம்.