கூத்துமாடத்திலிருந்து மேடைக்கு: கேரளத் தோல்பாவக்கூத்தும் கிருஷ்ணன்குட்டி புலவரும்

பாரதப்புழையின் இரு கரைகளிலும் உள்ள பத்ரகாளி கோயில்களில் தை முதல் வைகாசி வரை தோல்பாவக்கூத்துக் காலம். பாலக்காடு, திருச்சூர், மலப்புரம் என்ற மூன்று மாவட்டங்களுக்குள் அடங்கிவிடும் கலை இது. கூத்தில் பாடப்படுவது கம்பராமாயணம். பாடுகிறவர்களின் அன்றாடப் பேச்சு மலையாளம். தமிழ்நாட்டில் இதே பெயரில் அறியப்படும் தோற்பாவைக்கூத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது மராத்தி பேசும் குடும்பங்கள் ஊர் ஊராகச் சென்று வண்ணப் பாவைகளைக் கொண்டு நடத்துவது. கேரளப் பாவையின் தோலில் ஒளி ஊடுருவாது. ஆடையும் அணிகலனும் உளியால் குத்திய துளைகளின் வழியே மட்டும் தெரியும். திரையில் விழுவது கருநிழல்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தக் கலைக்கு மறுவாழ்வு தந்தவர் என்று கூனத்தறை கிருஷ்ணன்குட்டி புலவரை (1925–2000) ஆய்வாளர்கள் குறிப்பிடுவது வழக்கம். அந்த மறுவாழ்வின் தன்மை என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பார்வையாளர் குறைந்ததால் நலிந்த கலையை ஒரு கலைஞர் மீட்டார் என்ற வழக்கமான கதை இங்கே செல்லாது. கூத்து நடக்கும் கூத்துமாடத்தின் முன்னால் ஆள் இல்லாதது பழைய செய்தி. அதை யாரும் குறையாக எண்ணியதும் இல்லை.

காரணம் கூத்தின் தோற்றக் கதையிலேயே இருக்கிறது. தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்த பத்ரகாளியால் இராம–இராவணப் போரைக் காண இயலவில்லை. அந்தக் குறை தீரவே நிழலாகக் கதை நடத்தப்படுகிறது என்பது நம்பிக்கை. எனவே கூத்துமாடம் கோயிலுக்கு எதிரே, தேவியின் பார்வை விழும்படி தனிக் கட்டடமாக நிற்கிறது. ஏறத்தாழ 42 அடி நீளம். திரையான ஆயப்புடவையின் மேற்பகுதி வெள்ளை, கீழ்ப்பகுதி கறுப்பு. அதற்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் விட்டு 21 விளக்குகள் வரிசையாக எரியும். கோயிலிலிருந்து சுடர் வந்த பிறகே கூத்துத் தொடங்கும். கோயிலுக்கும் வேண்டுதலுக்கும் ஏற்ப 7, 14, 21, 41, 71 இரவுகள் வரை நீளும். அமெரிக்க நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1980களில் இக்கூத்தைக் களத்தில் ஆராய்ந்து, 1996இல் நூலாக வெளியிட்டார். இரவின் பெரும்பகுதியில் எதிரே யாரும் இல்லாமலே கூத்து நடப்பதை அவர் தம் ஆய்வின் மையமாகக் கொண்டார். கேட்பவர் இல்லாத இடத்தில் பாவையாட்டும் புலவர்கள் தங்களுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் கேட்போராகிறார்கள் என்பது அவர் கண்டது.

அவர் முடிவோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் அதிலிருந்து இன்னொன்றும் தொடர்கிறது. கேட்போர் சக புலவர்களே என்றால், கூத்தின் உயிர் திரையைக் காட்டிலும் பேச்சில்தான் இருக்க வேண்டும். கூத்தின் பாடமான ஆடல்பற்று இதற்குச் சான்று. பாட்டு ஒன்றைப் பாடிவிட்டு அதற்குப் பொருள் விரிப்பார்கள். ஒரு பாத்திரத்துக்காகப் பேசுபவரை மற்றவர் இழுத்துக் கேள்வி கேட்பார். இலக்கணம், சோதிடம், புராணம், நீதி எல்லாம் அந்த விரிவுக்குள் வந்து விழும். ஒரு செய்யுளில் கால் இரவு கரைவது உண்டு. அவ்வளவு நேரமும் திரையில் பாவைகள் அநேகமாக அசையாமல் நிற்கும். போர்க்காட்சி வந்தால்தான் வேகம். பாவையாட்டுபவர்களுக்குப் ‘புலவர்’ என்ற பட்டம் அமைந்தது விரலின் திறமைக்காக அல்ல, இந்த விரிவுரைக்காகத்தான்.

ஆடல்பற்றை இயற்றியவர் பாலக்காட்டுச் சின்னத்தம்பி வாத்தியார் என்பது மரபு. சாதியின் பெயரால் இராமாயணப் பாராயணத்தைக் கேட்க விடாமல் தடுக்கப்பட்டவர், எளிய மக்களும் கேட்கும்படி அதைக் கூத்தாக்கினார் என்று கதை சொல்கிறது. வரலாற்றுச் சான்றாக இதைக் கொள்ள முடியாது. கோயிலுக்குள் நுழைய உரிமையில்லாதவர்களும் நின்று பார்க்கும்படி கூத்துமாடம் வெளியே அமைந்திருப்பதை நினைத்தால், கதை எந்த நினைவைச் சுமக்கிறது என்பது மட்டும் விளங்குகிறது. இக்கூத்து 1,200 ஆண்டுப் பழமையுடையது என்ற கூற்றையும் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். கம்பரை 12ஆம் நூற்றாண்டில் வைப்போர் பலர். அவர் பாட்டை அடித்தளமாகக் கொண்ட வடிவம் அவருக்கு முந்தியதாக இருக்க வழியில்லை. கலைக்குப் பெருமை சேர்க்க ஆண்டுகளைக் கூட்டும் பழக்கம் நம்மிடம் கொஞ்சம் அதிகம்.

கம்பனில் இல்லாதவையும் ஆடல்பற்றில் உண்டு. சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் தவத்தில் இருக்கும்போது இலக்குவனால் கொல்லப்படும் நிகழ்ச்சி அவற்றில் ஒன்று. சூர்ப்பணகை இங்கே மகனை இழந்த தாயாக வருகிறாள். காமத்தால் மட்டும் வந்தவள் என்ற சித்திரம் கலைந்து, அவள் பகைக்கு ஒரு நியாயம் பிறக்கிறது. பெண் தெய்வத்தின் முன் நடக்கும் கூத்தில் இப்படி ஒரு சேர்க்கை இடம்பெற்றது தற்செயலாகத் தோன்றவில்லை.

இனி நலிவுக்கு வருவோம். பார்வையாளரை நம்பாத கலை புரவலரை நம்பியிருந்தது. கவளப்பாறை நாயர் தலைவர்களைப் போன்ற நிலவுடைமைக் குடும்பங்களும், நிலம் பெற்றிருந்த கோயில்களும் கூத்தின் செலவைத் தாங்கின. 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் ஜன்மி என்ற நிலவுடைமை முறையை முடிவுக்குக் கொண்டுவந்தது. குத்தகை விவசாயிக்கு அது விடுதலை. பாட்டம் என்ற குத்தகை வரவை நம்பியிருந்த சடங்குக் கலைகளுக்குப் பேரிடி. எண்ணெய், நெல், தட்சிணை எல்லாம் சுருங்கின. ஆயிரக்கணக்கான செய்யுள்களையும் அவற்றின் விரிவுரையையும் மனப்பாடம் செய்யப் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். அந்த உழைப்புக்கு இளைஞர்கள் எதை நம்பி வருவார்கள்?

கிருஷ்ணன்குட்டி புலவரின் பங்கு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கூனத்தறை, ஷொரணூரை அடுத்த ஊர். கூத்துக் குடும்பத்தில் பிறந்து, மரபான முறையில் பயின்று, கோயில் கூத்தில் தேர்ந்தவர் அவர். 1953இல் தொடங்கப்பட்ட சங்கீத நாடக அகாதெமியும் அதைப் போன்ற அமைப்புகளும் மரபுக் கலைகளைத் தேடத் தொடங்கியபோது, பாவைகளைக் கூத்துமாடத்துக்கு வெளியே கொண்டுவர அவர் துணிந்தார். கழற்றி எடுத்துச் செல்லும்படி திரையும் சட்டமும் அமைந்தன. 21 இரவுக் கதை ஒரு மணி நேரத்துக்குள் வந்தது. அகாதெமி விருதும் வெளிநாட்டு விழாக்களும் தொடர்ந்தன. தேவிக்கு உரியதைக் காசுக்கு ஆட்டுவதா என்ற முணுமுணுப்பும் உடன் வந்தது. கோயில் கடமையை அவர் கைவிடவில்லை என்பதால் அந்தக் குரல் வலுக்கவில்லை.

மேடைக்கு வந்தபோது எது விடுபட்டது என்று பார்த்தால் விரிவுரைதான். டெல்லியிலோ ஐரோப்பாவிலோ அமர்ந்திருப்பவருக்குச் செய்யுள் பொருளும் தருக்கமும் எதற்கு? அவர் பார்க்க வந்தது நிழலை. எனவே போர்கள், மாய மான், அனுமன் தாவல் போன்ற அசைவுள்ள காட்சிகள் முன்னுக்கு வந்தன; பாவையின் இயக்கம் முன்பு இல்லாத அளவு நுட்பமானது. கூத்தில் பேச்சுக்குத் துணையாக நின்ற கண்ணுக்குரிய பகுதி, மேடையில் கலையின் முழு அடையாளமானது. இதை நான் வீழ்ச்சி என்று எழுதத் தயாரில்லை. மேடையில் ஈட்டிய வருவாயும் மதிப்பும்தான் அடுத்த தலைமுறையைத் தொழிலில் நிறுத்தின. மீட்கப்பட்டதும் மேடையில் காட்டப்படுவதும் ஒன்றே என்று எழுதுவது மட்டும் பிழை.

அவர் மகன் கே. கே. இராமச்சந்திர புலவர் இந்தப் பாதையை இன்னும் அகலமாக்கினார். காந்தியின் வாழ்க்கையைப் பாவைகளில் கொண்டுவந்தார். சமூக விழிப்புணர்வுக் கூத்துகளையும் நடத்தினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆண்கள் மட்டுமே இருந்த இந்தத் துறையில் பெண்கள் மட்டும் அடங்கிய குழு ஒன்றும் அந்தக் குடும்பத்திலிருந்தே உருவாகியிருக்கிறது. இயந்திரக் கையால் பாவையை அசைக்கும் சோதனைகூட நடந்தது. இது செய்திக்கு நல்ல தீனி. கலையின் போக்கில் பெரிய பொருள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கவளப்பாறை ஆரியங்காவில் 21 இரவுக் கூத்து இன்றும் நடக்கிறது. அங்கே விரிவுரைக்கு நேரம் உண்டு. அதை முழுதாகச் சொல்லக்கூடியவர்கள்தான் சிலரே. தமிழ்நாட்டுக் கம்பன் ஆய்வு இந்தப் பக்கம் அதிகம் திரும்பியதில்லை. அச்சுப் பதிப்புகளோடு ஒப்பிட வேண்டிய பாட வேறுபாடுகள் ஆடல்பற்றில் இருக்கின்றன. செய்யுளை அடுத்து வரும் தமிழும் மலையாளமும் வடமொழியும் கலந்த உரைநடையோ, கம்பனுக்கு ஏட்டுரைகளுக்கு வெளியே வளர்ந்த ஒரு வாய்மொழி உரை. அதை இரவு இரவாகப் பதிவுசெய்து பதிப்பிக்கும் வேலைக்கு, கேரளத்தில் பாவையாட்டுபவர்களோடு கம்பன் பாடத்தில் பழகிய தமிழ்ப் பதிப்பாசிரியர்களும் உட்கார வேண்டியிருக்கும்.