கசநோய் வாட்டிலிருந்து வந்த குளிசை: மனச்சோர்வும் அழற்சியும்

மனச்சோர்வைப் பற்றிக் கதைக்கும்போது இரண்டு வசனங்கள் திரும்பத் திரும்ப எங்கட காதில் விழுகின்றன. ஒண்டு, "மூளையில செரட்டோனின் குறைஞ்சிட்டுது, குளிசை போட்டாச் சரி." மற்றது, "பிளட் டெஸ்ட் எல்லாம் நோர்மல், அப்ப வருத்தம் ஒண்டும் இல்லை." கடந்த முப்பது வருடங்களில் மூன்றாவதாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: "மனச்சோர்வு எண்டது உடம்பில இருக்கிற அழற்சி." இந்த மூன்றும் எங்கிருந்து வந்தன, எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

கதை மனநோய் ஆஸ்பத்திரியில் தொடங்கவில்லை. 1952இல் நியூயோர்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த சீ வியூ ஆஸ்பத்திரியில் கசநோயாளிகளுக்கு இப்ரோனியசிட் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுக்கையை விட்டு எழும்பாமல் கிடந்தவர்களுக்குப் பசி வந்தது, உற்சாகம் வந்தது. நோயாளிகள் வாட்டுக்குள் ஆடுகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. நேதன் கிளைன் என்ற மனநல மருத்துவர் அதையே மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் கொடுத்து, 1957இல் முடிவுகளை வெளியிட்டார். ஆனால் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டுச் செங்கண்மாரி வந்ததால், 1961இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அந்த மருந்து விலக்கப்பட்டது.

இதே காலத்தில் சுவிற்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கனில் ரோலண்ட் கூன் வேறொரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். மனச்சிதைவுக்கு உதவும் என்று எதிர்பார்த்த மருந்து அது. அதற்குச் சரிவரவில்லை. 1956இல் மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் கொடுத்தபோது பலர் தேறினார்கள். அதுதான் இமிப்ரமின்.

ஆக, இரண்டு மருந்துகளும் தற்செயலாகக் கிடைத்தவை. ஏன் வேலை செய்கின்றன என்ற விளக்கம் பிறகுதான் வந்தது. இரண்டுமே மூளையில் நோரட்ரினலின், செரட்டோனின் போன்ற பொருட்களின் செயற்பாட்டைக் கூட்டுகின்றன என்று தெரிந்தது. எங்கட பிராந்தியத்து மூலிகையான சர்ப்பகந்தியிலிருந்து எடுத்து, இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த ரெசர்பின் அதே பொருட்களைக் குறைத்தது. அதைப் பாவித்த சிலர் சோர்ந்துபோனதாகவும் அறிக்கைகள் வந்தன. 1965இல் ஜோசப் ஷில்ட்கிரவுட் இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு கருதுகோளாக எழுதினார். 1987 கடைசியில் ஃபுளுவொக்சிடினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பிறகு, "செரட்டோனின் குறைவு" என்பது வீட்டு வசனமாகவே மாறிவிட்டது.

ஆனால் ஒரு இடறல் தொடக்கத்திலிருந்தே இருந்தது. குளிசை போட்ட சில மணித்தியாலங்களிலேயே இந்தப் பொருட்களின் அளவு மாறுகிறது. மனம் தேறுவதற்கோ பல கிழமைகள் எடுக்கின்றன. அப்படியெண்டால் இடையில் நடப்பது என்ன?

அந்த இடைவெளிக்குள்தான் அழற்சி பற்றிய கேள்வி நுழைந்தது. காய்ச்சலெண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் எழுதித்தருகிற சி.ஆர்.பி. பரிசோதனை எங்களுக்குப் புதிதில்லை. 1930இல், நியுமோனியாக் காய்ச்சல்காரரின் இரத்தத்தில் கண்டறியப்பட்ட புரதம் அது. உடம்பு எதையோ எதிர்த்துப் போராடும்போது ஈரல் அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த நேரம் மனிதர் எப்படி இருப்பார் என்று யோசியுங்கோ: சாப்பிட மனமில்லை, எழும்ப ஏலாது, ஆரோடும் கதைக்கப் பிடிக்காது. மனச்சோர்வின் அறிகுறிகளும் கிட்டத்தட்ட இவைதான். 1991இல் ரொனால்ட் சிமித் இந்த ஒற்றுமையை வைத்து ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். பெல்ஜியத்தில் மைக்கேல் மாஸ் குழுவினர் நோயாளிகளின் இரத்தத்தில் அழற்சிக் குறிகாட்டிகளை அளக்கத் தொடங்கினார்கள்.

பலமான சான்று வேறொரு வாட்டிலிருந்து வந்தது. ஈரல் அழற்சி 'சி'க்கும் சில புற்றுநோய்களுக்கும் இன்டர்ஃபெரோன் அல்பா என்ற ஊசி கொடுத்தார்கள். அது எதிர்ப்புச்சக்தியைத் தூண்டும். முன்பு மனச்சோர்வு இல்லாதவர்களிலும் பலர் அந்த ஊசிக்குப் பிறகு சோர்வில் விழுந்தார்கள். 2001இல் வெளியான ஆய்வொன்றில், மெலனோமா புற்றுநோய்க்கு இந்த ஊசி ஏற்றவிருந்த 40 பேரில் பாதிப் பேருக்கு முன்கூட்டியே பரொக்சிடின் கொடுக்கப்பட்டது. அவர்களில் 11 வீதமானவர்களுக்கே மனச்சோர்வு வந்தது. வெறும் குளிசை எடுத்தவர்களில் அது 45 வீதம்.

அப்ப விசயம் முடிஞ்சுது எண்டு நினைக்கலாம். முடியவில்லை. மூட்டுவாதத்துக்குப் பாவிக்கும் இன்ஃப்ளிக்சிமாப் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்தை, வழமையான மருந்துகளுக்குத் தேறாத 60 பேரில் சோதித்தார்கள். 2013இல் வந்த முடிவின்படி மொத்தத்தில் பலன் இல்லை. சி.ஆர்.பி. லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களில் மட்டும் பலன் தெரிந்தது. 2014இல் இன்னொரு ஆய்வு 241 பேரைப் பார்த்தது. சி.ஆர்.பி. 1க்குக் கீழ் இருந்தவர்களுக்கு எஸ்சிடலோபிராமும், அதற்கு மேல் இருந்தவர்களுக்குப் பழைய வகை நோர்ட்ரிப்டிலினும் கூடுதலாக உதவின. மருந்து எடுக்கும்போது இன்டர்லூக்கின்-6 போன்ற சில குறிகாட்டிகள் இறங்குகின்றன என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். ஆனால் அந்த இறக்கமும் ஆள் தேறுவதும் ஒன்றாகப் போகவில்லை. இரத்தத்தில் எண் குறைந்தும் மனம் அப்படியே இருந்தவர்கள் உண்டு. எண் மாறாமலே தேறியவர்களும் உண்டு.

மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் சி.ஆர்.பி. 3க்கு மேல் இருக்கிறது. உடற்பருமன், புகைத்தல், நித்திரைக் குறைவு இவையும் அதைக் கூட்டும். அதோடு, நியூசிலாந்தின் டனீடினில் 1972-73இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2007இல் இன்னொன்றைச் சொன்னது: சிறுவயதில் துன்புறுத்தப்பட்டவர்களுக்கு, வளர்ந்த பிறகும் சி.ஆர்.பி. கூடுதலாக இருக்கும் வாய்ப்பு அதிகம். போருக்குள் பிறந்து வளர்ந்த எங்கட தலைமுறைக்கு இது சும்மா வாசிச்சிட்டுக் கடந்துபோகிற வரி இல்லை.

மனச்சோர்வு எண்டு நாங்கள் ஒரே பெயரில் கூப்பிடுவது பல வழிகளால் வந்து சேர்கிற ஒரு நிலை என்றே இந்த வரலாறு எங்களுக்குக் காட்டுகிறது. செரட்டோனின் கதை பொய்த்தாலும், குளிசையால் தேறியவர்கள் தேறியது பொய்யாகாது. வைத்தியரைக் கேட்காமல் அதைத் திடீரென்று நிப்பாட்டுவது ஆபத்து. அதேபோல, சி.ஆர்.பி. நோர்மல் எண்டதால் ஒருவருடைய வேதனை இல்லாமல் போகாது. ஆளைக் கேட்டறிவதற்கு மாற்றாக நிற்கக்கூடிய இரத்தப் பரிசோதனை இன்னும் வரவில்லை. அது வரும்வரை, "எனக்கு ஏலாமல் இருக்கு" எண்டு ஒருவர் சொன்னால், ரிப்போர்ட்டைக் கேக்க முதல் அவர் சொல்லுறதைக் கேப்பம்.