நம் கூட்டத்தில் யார் எங்கே உட்கார்ந்தோம்

கூட்டமைப்பு மலருக்கு எல்லாரும் கடன் வாங்கி மாடு வாங்கிய கதை, தையல் கடை வைத்த கதை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். செயலாளர் அக்கா என்னிடம் வந்து, "விழாவுக்கு சேர் போட்டது நீதானே, அதைப் பத்தியே எழுதிக் குடு" என்றார். சேர் போடுவதில் என்ன வரலாறு இருக்கிறது என்று சிரித்துவிட்டேன். ராத்திரி எங்கள் அத்தையிடம் பேச்சுக் கொடுத்த பிறகுதான் எழுத விஷயம் கிடைத்தது. நான் பத்தாவது வரை படித்தவள். தப்பு இருந்தால் சகோதரிகள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் ஏற்பட்டது. பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-ல் பெண்கள் குழுக்களை முதன்முதலாக ஆரம்பித்தது நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் நம்மோடு சேர்ந்தே இருந்தது. பிறகு சேலம், தென்னாற்காடு, மதுரை, ராமநாதபுரம் என்று போய், 1997-98-ல் மகளிர் திட்டம் என்று மாநிலம் முழுக்க வந்தது. இதெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பதுதான். அந்த ஆரம்ப நாளில் நம் பெண்கள் எப்படி உட்கார்ந்தார்கள் என்று பயிற்சியில் யாரும் சொல்லவில்லை. அத்தை சொன்னார்.

"வேப்பமரத்தடிக்கு வரச் சொன்னாங்க. போனோம். ஒரு மேடம் வந்து வட்டமா உக்காருங்கன்னாங்க. நாங்க எழவு வீட்டுல ஒப்பாரி வெக்கறப்பத்தான் வட்டமா உக்காருவோம். பக்கத்துல இருந்த பாட்டி, யாரும்மா செத்துட்டாங்கன்னு கேட்டுருச்சு."

அப்படித்தான் நம் ஊரில் முதல் கூட்டம் நடந்திருக்கிறது. வெட்கப்பட்டு முகத்தை மறைத்துக்கொண்டு பாதிப் பேர் வெளிப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார்களாம். ஆனால் நடுவில் ஒரு துண்டை விரித்து, அதில் சேமிப்புப் பணத்தை ஒவ்வொருத்தராக வைக்க ஆரம்பித்ததும் எல்லா முகமும் தானாகவே உள்பக்கம் திரும்பிவிட்டது. தன் காசு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டுமல்லவா! அந்தக் குழுவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இரண்டே பேர். மற்றவர்களுக்கு நோட்டில் எழுதியது புரியாது, துண்டில் இருக்கும் பணம் தெரியும். வட்டமாக உட்காரச் சொன்ன மேடம் என்ன நினைத்துச் சொன்னாரோ, அத்தைக்குப் புரிந்த காரணம் இதுதான்.

போன தடவை கண்டுணர் பயணமாக நம்மை உத்திரமேரூர் அழைத்துப் போனார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் முழுக்க எழுத்து. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அவை. குடவோலைத் தேர்தல் எப்படி நடத்த வேண்டும் என்று அதில் இருக்கிறது. எனக்கு அதில் பிடித்தது, யார் எங்கே இருந்து என்ன செய்ய வேண்டும் என்றுகூட வெட்டி வைத்திருப்பதுதான். 30 குடும்புக்கும், அதாவது 30 வார்டுக்கும், பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட வேண்டும். ஊர்ச் சபையார் சின்னவர் பெரியவர் எல்லாரும் கூடியிருக்க வேண்டும். கோயில் நம்பிமார் உள்மண்டபத்தில் இருக்க, அவர்களில் மூத்தவர் எழுந்து நின்று, எல்லாரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். விவரம் தெரியாத சின்னப் பையன் ஓலையை எடுக்க, கணக்கு பார்ப்பவர் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். விரலை மடக்கினால் ஓலையை மாற்றிவிடலாம், அதற்காகத்தான்!

வாங்கிய கணக்கைக் காட்டாதவரும் அவர் சொந்தக்காரரும் நிற்கவே கூடாது என்றும் எழுதியிருக்கிறது. நம் கூட்டமைப்பிலும் அப்படி ஒரு தீர்மானம் போட்டால் என்ன என்று பஸ்ஸில் பேசிச் சிரித்தோம். ஆனால் அந்தச் சபையில் பெண்கள் கிடையாது. சொந்த மனையில் வீடும், கால் வேலிக்கு மேல் நிலமும், வேதப் படிப்பும் உள்ள 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்கும் ஆண்களின் ஓலைதான் குடத்துக்குள் போகும். நம்மில் ஒருத்தர் பெயரும் அந்தக் குடத்தில் விழுந்திருக்காது.

1930-ல் லண்டனில் நடந்த வட்டமேசை மாநாடு பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அந்த முதல் மாநாட்டுக்குப் போன பெண்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் ராதாபாய் சுப்பராயன், திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் ஜமீன் வீட்டு மருமகள். அன்றைக்கு அந்த ஊரும் நம் ஊரும் ஒரே சேலம் ஜில்லா. வட்ட மேசை என்றால் தலைப்பக்கம் கடைப்பக்கம் கிடையாது என்று வாத்தியார் சொன்னது நினைவிருக்கிறது.

இனிமேல் எழுதப் போவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் ஊரில் குழுக்கள் தெருவுக்குத் தெரு தனித்தனியாக ஆரம்பித்தவை. அந்தந்தத் தெருவில் வட்டமாகத்தான் உட்கார்ந்தார்கள். எல்லாக் குழுவும் சேர்ந்து ஊராட்சி அளவில் கூட்டமைப்பு ஆனபோதுதான் வட்டம் உடைந்தது. கூடத்தில் பவானி ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். ஊர்த்தெருப் பெண்கள் அதில் உட்கார, காலனிக் குழுக்காரர்கள் வாசலோரம் வெறும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். அங்கே போய் உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. இங்கே வாங்க என்றும் யாரும் சொல்லவில்லை.

மூன்று கூட்டம் அப்படியே நடந்தது. நான்காவது கூட்டத்தில் வங்கிக் கடன் தீர்மானம். நோட்டு கையெழுத்துக்காக வாசலுக்குப் போனபோது காலனிக் குழு ஊக்குநர், "நீங்க படிச்சது எங்க காதுல விழல. காதுல விழாததுக்கு நாங்க கையெழுத்து போட மாட்டோம்" என்று சொல்லிவிட்டார். கூடத்தில் சத்தமே இல்லையாம். அத்தை எழுந்து ஜமுக்காளத்தைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, "எல்லாரும் தரையிலயே உக்காரலாம், கிட்ட வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறார். வந்தார்கள். ஊர்த்தெருவில் இரண்டு பேர் அதற்கப்புறம் ஒரு வருஷம் கூட்டமைப்புப் பக்கமே வரவில்லை.

இதை எழுதப் போகிறேன் என்றதும் அத்தை, "நான் என்னமோ பெரிய மனசு பண்ணுன மாதிரி எழுதாதே. கையெழுத்து இல்லேன்னா கடன் வராது. அதுக்குத்தான் சுருட்டுனேன்" என்றார். அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

அப்புறம் பிளாஸ்டிக் சேர் வந்தது. முட்டி வலிக்காரர்களுக்கு அது பெரிய உதவி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சேரோடு கூடவே வரிசையும் மேடையும் வந்துவிட்டன. மேடைக்கு எதிரே சோபா, சோபாவுக்குப் பின்னால் நிர்வாகிகள், அதற்குப் பின்னால் பட்டுச்சேலை, கடைசியில் கைப்பிள்ளைக்காரர்கள். சினிமாவுக்கும் பேச்சுக்கும் அந்த வரிசை சரி. கணக்கு வாசிப்பதற்குச் சரிவராது. ஒரு வருஷம் ஆண்டுக் கூட்டத்தில் கடன் வட்டி மாறியதை வாசித்தார்கள். மைக் கரகரவென்றது. பின்னால் இருந்தவர்கள் முன்னால் இருப்பவரின் கொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நானும் ஒருத்தி. அடுத்த மாதம் தவணை கூடியதும், "எங்களுக்குத் தெரியாம பண்ணிட்டாங்க" என்று சண்டை. தீர்வதற்கு மூன்று மாதம் ஆனது.

அதனால்தான் இந்த வருஷ விழாவில் இருக்கை வேலையை நான் கேட்டு வாங்கினேன். 12 குழு, குழுவுக்கு 15 பேர், மொத்தம் 180. எல்லாரையும் ஒரே வட்டமாக உட்கார வைக்கலாமா என்று கணக்குப் போட்டேன். ஒரு சேருக்கு 2 அடி என்றால் சுற்றளவு 360 அடி. குறுக்கே ஏறக்குறைய 115 அடி வேண்டும். நம் கூடமோ 60-க்கு 40. நடக்காது. "ப" வடிவில் போட்டால் மூன்று பக்கமும் ஒருவரை ஒருவர் பார்க்கலாம். ஆனால் அது 30, 40 பேருக்குத்தான் சரி.

கடைசியில் மேடையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீளச் சுவரின் நடுவில் கணக்கு மேசையைப் போட்டு, அதன் அடியில் ஓர் ஆணியைப் பிடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புக்கட்டியால் பிறை பிறையாகக் கோடு போட்டேன். முதல் பிறை மேசையிலிருந்து 10 அடி, பிறகு 3 அடிக்கு ஒன்று, மொத்தம் ஏழு. நடக்க இரண்டு வழி விட்டும் 160 சேர் பிடித்தது. மீதி 20 பேருக்கு முதல் பிறைக்கு முன்னால் ஜமுக்காளம். அது தரைதான் வசதி என்கிறவர்களுக்கும் பிள்ளைக்காரர்களுக்கும். குழுக்களை முன் வரிசை, பின் வரிசை என்று வைக்கவில்லை. முறம் மாதிரி, மேசைப் பக்கம் குறுகலாகவும் பின்னால் அகலமாகவும் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கூறு. யார் முன்னால் உட்காருவது என்று குழுவே முடிவு பண்ணிக்கொள்ளட்டும். காது மந்தமானவர்கள் முன்னால் வந்தார்கள். பந்தல்காரர்தான், "வளைச்சுப் போட்டா எண்ண முடியாதும்மா" என்று ரொம்ப நேரம் முணுமுணுத்தார்.

எந்தக் கூறு யாருக்கு என்பதில் தகராறு வந்தது. ஃபேன் பக்கம் எல்லாருக்கும் வேண்டும். சாப்பாட்டுக் கதவுப் பக்கம் சிலருக்கு வேண்டும். 12 சீட்டு எழுதிக் குடத்தில் போட்டு, மூன்றாவது படிக்கும் பாப்பாவை எடுக்கச் சொன்னோம். பொருளாளர் அக்கா சிரித்துக்கொண்டே ஐந்து விரலையும் விரித்து வாங்கினார்.

காலனிக் குழுவுக்கும், அன்றைக்கு வராமல் நின்ற அந்த இரண்டு பேர் இருக்கும் குழுவுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கூறு விழுந்தது. மாற்றலாமா என்று செயலாளர் அக்கா என்னைப் பார்த்தார். சீட்டு விழுந்தது விழுந்ததுதான் என்றேன். உள்ளுக்குள் பயம்தான்.

விழா அன்று அந்த இரண்டு பேரில் ஒரு பெரியம்மா வந்தார். சேரை அரை அடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். சுண்ணாம்புக் கோடு இருந்ததால் அந்த அரை அடி எல்லார் கண்ணிலும் பட்டது. நானும் போய்ச் சரி பண்ணவில்லை. கணக்கு வாசிக்கையில் நலிவுற்றோர் நிதி வந்ததும், பெரியம்மா பக்கத்துச் சேர்ப் பக்கம் சாய்ந்து, "எவ்வளவுன்னு சொன்னாங்க?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தது அந்தப் பழைய ஊக்குநரின் மருமகள். தொகையைச் சொன்னாள், அது போன வருஷத்தை விடக் குறைச்சல் என்றும் சொன்னாள். பெரியம்மா கையைத் தூக்கி, ஏன் குறைந்தது என்று நேராக மேசையைப் பார்த்துக் கேட்டார். பொருளாளர் அக்கா ரொக்கப் புத்தகத்தைத் திருப்பிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.