மீசை அடைப்புக்குறி பிறந்த கதை

வேலைகளைக் கண்காணிக்கும் மென்பொருளான ஜிராவின் பலகையில் ஓர் அட்டை 'முடிந்தது' வரிசைக்குப் போனதும் இன்னொரு மென்பொருளுக்குத் தானாகத் தகவல் போக வேண்டும். அதற்கு ஆட்டோமேஷனில் ஒரு ரூல் எழுதி, வெப் ரிக்வெஸ்ட் அனுப்பும் கட்டத்தைச் சேர்க்கிறோம். அனுப்பும் தகவலுக்குள் இஷ்யூ, சம்மரி என்ற இரு சொற்களை நடுவில் புள்ளி வைத்து இரட்டை நெளி அடைப்புக்குறிக்குள் எழுதினால், அங்கே அட்டையின் தலைப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுத்துப் பிசகினால் உட்காராது. வில்லங்கம் என்னவென்றால், பிசகிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த இடம் காலியாகவே கிளம்பிப் போய்விடும்.

இந்த அழுத்தமான மௌனத்துக்கு ஜிராவைத் திட்டிப் பயனில்லை. அது 2009இல் கிறிஸ் வான்ஸ்ட்ராத் ரூபி மொழியில் எழுதிய மஸ்டாஷ் என்ற சின்ன நிரலிலிருந்து வந்தது. கிட்ஹப்பை நிறுவியவர்களில் ஒருவர் அவர். நெளி அடைப்புக்குறியைப் படுக்கப் போட்டால் மீசை மாதிரி இருக்கும், பெயருக்குக் காரணம் அவ்வளவுதான்.

அந்தக் காலத்து இணையப் பக்கங்களைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே கோப்பில் பத்திக் குறியும் இருக்கும், 'இப்படி என்றால் அப்படி' என்ற நிபந்தனையும் இருக்கும், நடுவில் டேட்டாபேஸ் கேள்வியும் இருக்கும். வடிவமைப்பாளர் நிறத்தை மாற்றப்போய்க் கணக்கைக் கெடுத்துவிட்டு வருவார். கூகுள் தன் தேடல் முடிவுப் பக்கங்களுக்காக சி-டெம்ப்ளேட் என்ற ஒன்றை உருவாக்கியிருந்தது. டெம்ப்ளேட் என்கிற அச்சில் கணக்கே இருக்கக் கூடாது, பெயர் எழுதிய வெற்றிடங்கள் மட்டும் இருக்கலாம் என்பது அதன் போக்கு. வான்ஸ்ட்ராத் அதையும் எர்லாங் மொழியில் இருந்த இன்னொரு முயற்சியையும் முன்மாதிரியாக வைத்துக்கொண்டார். மஸ்டாஷில் 'இஃப்' கிடையாது, 'எல்ஸ்' கிடையாது. அதனாலேயே ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான், ஜாவா என்று எந்த மொழிக்கும் அதை எளிதாகக் கொண்டுபோக முடிந்தது.

மஸ்டாஷில் அப்போது எடுத்த முடிவுகள் இரண்டு. கேட்ட பெயர் கிடைக்காவிட்டால் எதுவும் அச்சிடாதே என்பது ஒன்று. வருகிற எழுத்துகளில் பக்கத்தைக் குலைக்கக்கூடியவற்றை ஹெச்டிஎம்எல் முறைப்படி மாற்றிப் போடு என்பது மற்றொன்று. பக்கத்தை மனிதர் படிக்கிறார் என்னும்போது இரண்டுமே சரி. கல்யாணப் பத்திரிகையில் பெயர் எழுத விட்டுப்போனாலும் முகூர்த்த நேரம் தெரிந்துவிடும், வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

ஆனால் அச்சு பக்கத்தோடு நிற்கவில்லை. ஒரு மென்பொருளில் ஏதாவது நடந்தால் அது தானே இன்னொன்றின் முகவரியைத் தட்டிச் சொல்லட்டும் என்ற யோசனைக்கு 2007இல் ஜெஃப் லிண்ட்சே 'வெப்ஹூக்' என்று பெயர் வைத்துப் பரப்பினார். பின்னாளில், ஜிராவை உருவாக்கிய அட்லாசியனில் வேலை பார்த்துவிட்டு வெளியேறியவர்கள் சிட்னியில் கோட் பேரல் என்ற நிறுவனத்தைத் தொடங்கி ஜிராவுக்கான ஆட்டோமேஷனை விற்றார்கள். ரூலுக்குள் மதிப்புகளை நிரப்ப அவர்கள் எடுத்துக்கொண்டது மஸ்டாஷை. 2019இல் அட்லாசியன் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. இப்படித்தான் பக்கத்துக்குப் பிறந்த அச்சு, இயந்திரத்துக்கு இயந்திரம் எழுதும் கடிதத்துக்கும் அச்சாகிவிட்டது.

இயந்திரம் ஊகித்துப் படிக்காது. மதிப்பெண் என்ற இடத்தில் எண் வராமல் காலியாகப் போனால் தகவலைச் சுமந்துபோகும் அந்த ஜேசன் வடிவமே செல்லாது, எதிர்ப்பக்கம் 400 என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்பும். இதுகூட நல்ல காலம்தான், ரூல் ஓடிய விவரம் பதிவாகும் ஆடிட் லாகில் சிவப்பாகத் தெரியும். வெற்றிடம் மேற்கோள் குறிகளுக்கு நடுவே இருந்தால் இன்னும் மோசம். "" என்பது ஒழுங்கான ஜேசன். எதிர்ப்பக்கம் 200, அதாவது எல்லாம் சரி, என்று சொல்லி வாங்கிக்கொண்டு, அங்கே ஏற்கெனவே இருந்த நல்ல மதிப்பின் மேல் வெறுமையை எழுதிவிடும்.

பெயர் சரியாக இருந்தும் விழுவது உண்டு. ஒருவர் அட்டைக்கு இப்படித் தலைப்பு வைக்கிறார்:

"உள்நுழை" பொத்தான் வேலை செய்யவில்லை

ரூலிலிருந்து கிளம்பும்போது அது இப்படி ஆகிறது:

{"தலைப்பு": ""உள்நுழை" பொத்தான் வேலை செய்யவில்லை"}

இரண்டாவது மேற்கோள் குறியிலேயே தலைப்பு முடிந்துவிட்டதாக எதிர்ப்பக்கம் எடுத்துக்கொள்கிறது. மிச்சமெல்லாம் அதற்குக் குப்பை. விவரப் பகுதியில் என்டர் தட்டியிருந்தாலும் இதே கதிதான். ஜேசனுக்கு ஏற்ற மாற்றம் வேண்டுமென்றால் 'ஜேசன் என்கோட்' என்ற வாலை நாமே ஒட்ட வேண்டும். நேற்றுவரை ஓடிய ரூல் இன்று ஓடவில்லை என்றால் ரூலைப் பிரிக்கும் முன் அட்டையின் தலைப்பைப் பாருங்கள் என்பேன்.

கஸ்டம் ஃபீல்டைப் பெயரால் அழைத்தால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி எல்லாம் அப்படியே பொருந்த வேண்டும். நிர்வாகி யாராவது அந்தப் பெயரைத் திருத்தினால் ரூல் ஊமையாகிவிடும். ஃபீல்டின் எண்ணால் அழைத்தால் அந்தத் தொல்லை இல்லை. பார்க்க அழகாக இருக்காது, இருக்கட்டும்.

அடைப்புக்குறி ஒன்றேயானாலும் எல்லாரும் வெறுமையைத் தேர்ந்தெடுத்துவிடவில்லை. பெங்களூரில் அபினவ் அஸ்தானா 2012இல் பக்கவேலையாகத் தொடங்கிய, ஏபிஐகளைச் சோதிக்கும் கருவியான போஸ்ட்மேனிலும் மாறிகளுக்கு இதே இரட்டைக் குறிதான். ஆனால் மதிப்பு கிடைக்காத மாறியை அது சிவப்பில் காட்டும். மீறி அனுப்பினால் அடைப்புக்குறியோடு அப்படியே போகும். வாடிக்கையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நெளிகோடுகள் நிற்பது அசிங்கம்தான், ஆனால் மறுநாளே யாராவது போன் செய்து கேட்டுவிடுவார்கள். எனக்கு இந்த வழிதான் பிடிக்கிறது.

ஜிராவில் அந்த வசதியை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். வெப் ரிக்வெஸ்டுக்கு முன்னால் ஒரு லாக் கட்டத்தை வைத்து, அனுப்பப்போகும் அதே வரியை அதில் ஒட்டி ஓடவிட்டால், எது நிரம்பியது எது நிரம்பவில்லை என்று ஆடிட் லாகில் படித்துவிடலாம். வந்த பதிலை அடுத்த கட்டத்தில் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பதில் வரும்வரை காத்திரு என்ற பெட்டியில் டிக் இல்லாவிட்டால், எதிர்ப்பக்கம் எவ்வளவு ஒழுங்காகப் பதில் எழுதினாலும் ரூலின் கைக்கு அது வந்து சேராது.