சத்தமாச் சொன்னவர்களும் ஒளித்து வைத்தவர்களும்

விசுவாசத்தைச் சொல்ல வெட்கப்படக் கூடாது எண்டு கிறிஸ்தவ மேடைகளில அடிக்கடி சொல்லுவார்கள். சரிதான். ஆனால் யாழ்ப்பாணத்தின் ஒல்லாந்தர் காலத்தைப் படிக்கேக்க எங்களுக்கு ஒரு கேள்வி வந்தது. சத்தமாச் சொன்னவர்கள் எல்லாரும் விசுவாசிகளா? ஒளித்து வைத்தவர்கள் எல்லாரும் வெட்கப்பட்டவர்களா?

1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். அதே ஆண்டிலேயே, கத்தோலிக்கக் குருக்களுக்கு அடைக்கலம் குடுத்தால் மரண தண்டனை எண்டு கட்டளை வந்தது. கத்தோலிக்க ஆலயங்கள் சீர்திருத்த சபையின் கைக்குப் போயின. உத்தியோகம் வேணுமெண்டால் அந்தச் சபையில இருக்க வேணும். பிள்ளைக்குச் சொத்துரிமை சிக்கலில்லாமல் போகவேணுமெண்டால் ஞானஸ்நானமும் கலியாணமும் பதிவில இருக்க வேணும். ஆகவே கனபேர் பெயரைப் பதிந்தார்கள், வினாவிடையைப் பாடமாக்கினார்கள், வீட்டுக்கு வந்து பழையபடி சைவராகவே இருந்தார்கள். விரத நாளில சாப்பிட்ட வாழையிலையைக் கூரைக்குள்ள செருகி ஒளித்த கதையை இண்டைக்கும் எங்கட ஊர்களில சொல்லுவார்கள்.

இப்படியான யாழ்ப்பாணத்துக்குத்தான் 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் வந்தார். குருவின் உடையில வரேல்லை, ஏழைக் கூலியாளைப் போல வேடமிட்டு வந்தார். இங்க ஆர் கத்தோலிக்கர் எண்டு வாய்விட்டுக் கேட்க ஏலாது. அதனால கழுத்தில செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாப் பிச்சை கேட்டார். அதைக் கண்டவர்களின் முகம் மாறுதா எண்டு பார்த்தார். பிறகு சில்லாலையில தங்கி, இரவுகளில இரகசியமாகப் பூசை வைத்தார்.

அவர் குரு எண்டதை மறைத்தார், கத்தோலிக்கர் எண்டதை மறைக்கேல்லை. இந்த வித்தியாசம் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. குருவாகப் பிடிபட்டால் அடைக்கலம் குடுத்த குடும்பமும் சாக வேண்டிவரும். செபமாலையின் ஆபத்து அதை அணிந்த அவருக்குத்தான். தன்ர துணிச்சலுக்கு மற்றவர்களை விலை குடுக்க விடாததை வெட்கம் எண்டு சொல்ல முடியாது.

விலை குடுத்தவர்களும் இருந்தார்கள். 1689 நத்தார் இரவில, பூசைக்குக் கூடிய கத்தோலிக்கரை ஒல்லாந்தர் சுற்றி வளைத்துப் பிடித்தார்கள். ஒருவர் கசையடியில இறந்தார், வேறு சிலர் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டார்கள் எண்டு அடிகளாரின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள்.

1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். கட்டாயம் தளர, ஒல்லாந்தரின் பதிவுகளில இருந்த பெருந்தொகைக் "கிறிஸ்தவர்கள்" கரைந்து போனார்கள். 1806இல் கத்தோலிக்கர் மீதான தடைகள் நீக்கப்பட்டன. ஒன்றரை நூற்றாண்டு ஒளித்து வைத்திருந்த விசுவாசம் வெளியில வந்தது.

இதை ஒரு சபையின் வெற்றிக்கதையாக எழுத எங்களுக்கு விருப்பமில்லை. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தவர்கள் கத்தோலிக்கப் போர்த்துக்கேயர். 1544இல் மன்னாரில ஞானஸ்நானம் பெற்ற நூற்றுக்கணக்கான ஆக்களைக் கொல்லுவித்தவர் யாழ்ப்பாண அரசன் சங்கிலி. அதிகாரம் எவரின் கையில இருந்ததோ, மற்றவர் ஒளிக்க வேண்டியிருந்தது.

ஆகவே, வெட்கமில்லாமல் விசுவாசத்தைச் சொல்லுறம் எண்டு பெருமைப்பட முதல் ஒண்டைக் கேட்டுப் பார்ப்பம்: அப்படிச் சொல்லுறதால எங்களுக்கு என்ன கிடைக்குது, என்ன போகுது? சிலுவையைத் தைரியமாப் போடுற ஒருவர், பக்கத்தில இருக்கிறவரின் திருநீற்றுக்கும் தொப்பிக்கும் அதே உரிமை வேணும் எண்டு சொல்லவும் கூச்சப்படக் கூடாது.