உப்பு ஏரிக்கரையில் குடியேறிய பெண்கள்



பிறந்த மண்ணை விட்டுக் கடல் கடந்து சென்று, ஆளில்லா நிலத்தை ஊராக்கிய பெண்களின் கதை நமக்குப் புதிதன்று. நம் பாட்டிமார் கப்பலேறி வந்த கதை நம் குடும்பங்களில் இன்றும் பேசப்படுகிறது. இன்று நாம் கேட்கப்போவது வேறொரு நாட்டுப் பெண்களின் கதை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் யூட்டா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. மலைகள் சூழ்ந்த வறண்ட நிலம். அதன் நடுவே கடல்போல் பரந்த ஓர் உப்பு ஏரி. அந்த ஏரிக்கு அருகே 1847இல் குடியேறியவர்கள் மார்மன்கள் என்று அழைக்கப்பட்ட கிறிஸ்தவப் பிரிவினர். அவர்களுடைய பெண்கள் சமயத்தையும் குடும்பத்தையும் எவ்வாறு ஒருசேரச் சுமந்தார்கள் என்பதை இந்த உரையில் காண்போம்.

இச்சமயத்தைத் தொடங்கியவர் ஜோசப் ஸ்மித் என்பவர். 1830ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் அவர் ஒரு சபையை நிறுவினார். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அதன் முழுப் பெயர். பைபிளோடு, மார்மன் நூல் என்ற மற்றொரு நூலையும் அவர்கள் மறைநூலாகக் கொண்டதால் மார்மன்கள் என்ற பெயர் வந்தது. அந்தப் பெயரை விடுத்து முழுப் பெயரையே வழங்குமாறு 2018இல் அச்சபையின் தலைவர் கேட்டுக்கொண்டார். வரலாற்றைப் பேசுவதால், அக்காலத்துப் பெயரையே நாம் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

புதிய சமயத்தை அக்கம்பக்கத்தார் வெறுத்தனர். மிசூரி மாநிலத்தின் ஆளுநர் 1838இல், மார்மன்களை விரட்ட வேண்டும் அல்லது அழிக்க வேண்டும் என்றே ஆணை பிறப்பித்தார். அங்கிருந்து ஓடிய மக்கள், மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாவூ என்ற ஊரை அமைத்தார்கள். 1844இல் சிறையில் இருந்த ஜோசப் ஸ்மித்தை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. பிறகு பிரிகாம் யங் என்பவர் தலைமையில் மக்கள் மேற்கு நோக்கிப் புறப்பட்டு, 1847ஆம் ஆண்டு ஜூலை மாதம் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்தனர்.

நேயர்களே, அந்தப் பயணத்தின் பாரம் பெண்களின் தோளில் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழை மக்களுக்கு மாட்டுவண்டி வாங்கப் பணமில்லை. ஆகவே 1856 முதல் 1860 வரை ஏறக்குறைய 3,000 பேர் கைவண்டி இழுத்துக்கொண்டு நடந்தே வந்தார்கள். தூரம் ஏறத்தாழ 1,300 மைல். ஆளுக்கு 17 பவுண்டு சாமான்தான் கொண்டுவரலாம். கணவன் முன்னே இழுக்க, மனைவி பின்னே தள்ள, பிள்ளைகள் பக்கத்தில் நடந்து வந்தார்கள். கணவனை இழந்த பெண்கள் தாமே இழுத்தார்கள். 1856இல் காலங்கடந்து புறப்பட்ட இரண்டு கூட்டங்கள் பனிப்புயலில் சிக்கி, 200க்கும் மேற்பட்டோர் பசியாலும் குளிராலும் மாண்டனர்.

அவர்கள் வழியில் தவிக்கும் செய்தி உப்பு ஏரி நகருக்கு எட்டியபோது, அங்கே சபையின் மாநாடு நடந்துகொண்டிருந்தது. வழிபாடு இருக்கட்டும், முதலில் அவர்களைக் கொண்டுவாருங்கள் என்ற கருத்தில் பிரிகாம் யங் பேசினார். கூடியிருந்த பெண்கள் அந்த இடத்திலேயே தங்கள் உள்பாவாடைகளையும் காலுறைகளையும் கழற்றி வண்டிகளில் குவித்தார்கள் என்று, லூசி மெசர்வ் ஸ்மித் என்ற மாது எழுதிவைத்திருக்கிறார். வீட்டில் மிச்சமிருந்ததைக் கொடுக்கவில்லை, உடுத்தியிருந்ததையே கொடுத்தார்கள்.

இந்தப் பெண்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. 1842ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள், நாவூ ஊரில் ஜோசப் ஸ்மித்தின் செங்கல்லால் கட்டிய கடையின் மாடியில் அது தொடங்கியது. கோயில் கட்டும் தொழிலாளர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கலாம் என்று ஒரு வீட்டு மாதும் அவருடைய தையற்காரியும் பேசிக்கொண்டதே அதன் விதை. முதல் நாள் வந்தவர்கள் 20 பெண்கள். ஜோசப்பின் மனைவி எம்மா தலைவியானார். துயர் துடைப்புச் சங்கம் என்று அதன் பெயரை நாம் தமிழில் சொல்லலாம். சில ஆண்டுகளில் அது நிறுத்தப்பட்டது. ஆனால் அதன் செயலாளராக இருந்த எலைசா ஸ்னோ, கூட்டக் குறிப்பேட்டைப் பத்திரமாகத் தம்மோடு மேற்கே கொண்டு சென்றார். 1860களின் இறுதியில் சங்கத்தை ஊர் ஊராக மீண்டும் அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தபோது, அந்தக் குறிப்பேடே அவருக்கு வழிகாட்டியாயிற்று.

இச்சங்கம் கூடிப் பாடிக் கலைந்துவிடும் சங்கமாக இருக்கவில்லை. பெண்கள் தங்கள் பணத்தில் சொந்தக் கட்டடம் எழுப்பினார்கள். கீழே கடை, மேலே கூட்ட மண்டபம். 1872இல் பெண்களுக்கென ஒரு பத்திரிகை தொடங்கியது. எம்மலின் வெல்ஸ் என்ற மாது அதன் ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தார். 1876இல் பஞ்ச காலத்துக்குத் தானியம் சேர்க்கும் வேலையும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய கதிர்களைக்கூடப் பெண்கள் பொறுக்கிச் சேர்த்தார்கள். 1906இல் சான்பிரான்சிஸ்கோ நகரம் நிலநடுக்கத்தில் அழிந்தபோது அந்தக் கோதுமை உதவிக்குச் சென்றது. முதல் உலகப் போரின்போது, 1918இல், அமெரிக்க அரசாங்கமே அவர்களிடமிருந்து 2 இலட்சம் புஷலுக்கு மேல் விலைக்கு வாங்கியது. ஒரு புஷல் கோதுமை ஏறக்குறைய 27 கிலோ. கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்தது எவ்வளவாயிற்று என்பதை நேயர்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

இனி, குடும்பத்துக்குள் வருவோம். இங்கேதான் கதை கடினமாகிறது.

ஒருவன் பல மனைவியரை மணப்பது இறைவன் கட்டளை என்று மார்மன் தலைவர்கள் 1852இல் வெளிப்படையாக அறிவித்தார்கள். எல்லாக் குடும்பங்களிலும் இவ்வழக்கம் இருக்கவில்லை. ஆயினும் பிரிகாம் யங் 50க்கும் மேற்பட்ட பெண்களை மணந்தவர். பெண்கள் இதை எப்படி ஏற்றார்கள்? ஒரே விடை இல்லை. எம்மா ஸ்மித் இதை எதிர்த்தார். கணவர் இறந்தபின் மேற்கே செல்லாமல் நாவூ ஊரிலேயே தங்கிவிட்டார். பேட்டி செஷன்ஸ் என்ற மருத்துவச்சி ஏறக்குறைய 4,000 பிள்ளைப் பேறுகளைப் பார்த்தவர், நம்பிக்கையில் உறுதியானவர். கணவர் இன்னொருத்தியை மணந்தபோது தாம் பட்ட துயரத்தை அவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஆன் எலைசா யங் என்பவர் 1873இல் பிரிகாம் யங் மீதே மணவிலக்கு வழக்குத் தொடுத்து, நாடெங்கும் சென்று இவ்வழக்கத்தைக் கண்டித்துப் பேசினார்.

மறுபுறம், சக்களத்தியர் உடன்பிறந்தவர்போல் வாழ்ந்த வீடுகளும் இருந்தன. எல்லிஸ் ஷிப் என்ற இளந்தாய், தம் மூன்று ஆண் பிள்ளைகளைக் கணவரின் மற்ற மனைவியரிடம் ஒப்படைத்துவிட்டு, தொலைவிலுள்ள பிலடெல்பியா சென்று மருத்துவம் படித்தார். 1878இல் பட்டம் பெற்றுத் திரும்பி, பிற்காலத்தில் ஏறத்தாழ 500 பெண்களுக்குத் தாதிமைத் தொழிலும் பிள்ளைப்பேறு பார்க்கும் முறையும் கற்றுக்கொடுத்தார்.

1870ஆம் ஆண்டு பிப்ரவரியில் யூட்டா பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. அமெரிக்கா முழுவதும் பெண்கள் அவ்வுரிமை பெற்றது 1920இல்தான். வாக்குரிமை கொடுத்தால் பெண்களே பலதார மணத்தை ஒழித்துவிடுவார்கள் என்று வெளியூர்த் தலைவர்கள் சிலர் எண்ணினர். அவ்வாறு நடக்கவில்லை. அதற்கு முந்திய மாதமே, பலதார மணத்துக்கு எதிரான சட்டத்தைக் கண்டித்து, உப்பு ஏரி நகரில் ஆயிரக்கணக்கான மார்மன் பெண்கள் கூடிப் பேசியிருந்தார்கள். தங்கள் குடும்பத்தைப் பற்றித் தாங்களே பேசுவோம் என்பது அவர்கள் நிலை. 1887இல் அமெரிக்க நாடாளுமன்றம் கடும் சட்டம் இயற்றி, அப்பெண்களின் வாக்குரிமையையே பறித்தது.

அந்த ஆண்டுகளில் குடும்பங்கள் பட்ட பாட்டுக்கு மார்த்தா ஹியூஸ் கேனன் ஒரு சான்று. வேல்ஸ் நாட்டில் பிறந்தவர். மேற்கே வரும் வழியில் தங்கையை இழந்தார். வந்து சேர்ந்த மூன்றாம் நாள் தந்தையையும் இழந்தார். அச்சுக் கூடத்தில் எழுத்துக் கோத்துப் பணம் சேர்த்து, மருத்துவராகப் படித்துத் தேறினார். ஒருவருக்கு நான்காம் மனைவியானார். தம் சாட்சியத்தால் கணவர் சிறை செல்வார் என்று அஞ்சி, கைக்குழந்தையோடு இங்கிலாந்துக்குச் சென்று மறைந்து வாழ்ந்தார். 1890இல் சபைத் தலைவர் வில்பர்ட் உட்ரஃப் பலதார மணத்தைக் கைவிடும்படி அறிவித்தார். 1896இல் யூட்டா மாநிலமாயிற்று. பெண்களின் வாக்குரிமையும் திரும்பியது. அந்த ஆண்டுத் தேர்தலில் மார்த்தாவும் நின்றார். எதிர்க்கட்சியின் சார்பில் அவர் கணவரும் நின்றார். வென்றவர் மார்த்தா! அமெரிக்காவில் ஒரு மாநில மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவரே. மாநிலத்தில் பொதுச் சுகாதார வாரியம் அமைய அவர் பாடுபட்டார்.

இன்று அச்சபையில் பலதார மணம் செய்பவர் சபையிலிருந்து விலக்கப்படுகிறார். இன்றைய மார்மன் குடும்பங்களுக்கென்று சில பழக்கங்கள் உண்டு. வாரத்தில் ஒரு மாலை, பெரும்பாலும் திங்கட்கிழமை, பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து படித்துப் பேசி விளையாட வேண்டும். 1915இல் தொடங்கிய வழக்கம் இது. மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை நோன்பிருந்து, அந்த உணவுக்கான பணத்தை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். மது, புகையிலை, காப்பி, தேநீர் ஆகிய நான்கும் விலக்கு. தேநீருக்குமா தடை என்று நேயர்கள் சிலர் கேட்பது நம் காதில் விழுகிறது! இவ்விதி 1833இல் பிறந்ததற்கு ஒரு காரணத்தைப் பிரிகாம் யங் கூறியிருக்கிறார். ஆண்கள் கூடிப் புகையிலை மென்று துப்பிய தரையைக் கழுவிக் கழுவி எம்மா சலித்துக்கொண்டாராம். குடிப்பவரும் துப்பியவரும் எழுந்து போய்விடுவார்கள். கழுவுபவள் வீட்டுப் பெண் என்பதை எல்லா நாட்டுத் தாய்மாரும் அறிவர்.

எல்லாம் நிறைவாகிவிட்டதா? இல்லை. குருத்துவப் பொறுப்பு இன்றும் ஆண்களுக்கே உரியது. ஜேன் மேனிங் ஜேம்ஸ் என்ற கறுப்பினப் பெண், 1843இல் பல நூறு மைல் நடந்து நாவூ சேர்ந்தவர். 1908இல் இறக்கும்வரை அவர் கேட்ட முழுமையான கோயில் சடங்குகள் மறுக்கப்பட்டன. அந்த இனத் தடை 1978இல்தான் நீங்கியது. பெண்களின் சங்கம் தன் பணத்தைத் தானே நிர்வகித்த உரிமையும் 1970இல் முடிவுற்று, கணக்கு சபையின் பொதுக் கணக்கில் சேர்ந்தது. பெண்களுக்குச் சம உரிமை கோரும் அரசியல் திருத்தத்தை ஆதரித்து, சபையை எதிர்த்துப் பேசிய சோனியா ஜான்சன் 1979இல் விலக்கப்பட்டார். அத்திருத்தத்தை எதிர்த்த மார்மன் பெண்களும் பலர்.

நேயர்களே, இந்த வரலாற்றில் நாம் ஒன்றைக் காண்கிறோம். பக்தியுள்ள பெண் என்றால் வாய்பேசாப் பெண் என்று பொருளில்லை. கீழ்ப்படிந்தவர்களும் எதிர்த்தவர்களும் ஒரே சமயத்துக்குள் இருந்தார்கள். ஒரே பெண்ணின் மனத்துக்குள்ளும் இரண்டும் இருந்தன. அவர்களைத் தாங்கியவை பெரிய பொருள்கள் அல்ல. ஒரு தையல் ஊசி, ஒரு குறிப்பேடு, ஒரு கைப்பிடிக் கோதுமை, கூடிப் பேச ஓர் அறை. இவை எந்த ஊர்ப் பெண்களுக்கும் எட்டாதவை அல்ல. இன்றிரவு பிள்ளைகளை அருகில் அமர்த்தி, உங்கள் வீட்டுப் பாட்டி எப்படி இங்கு வந்தார், என்ன கொண்டுவந்தார் என்று சொல்லுங்கள். முடிந்தால் ஒரு குறிப்பேட்டில் எழுதியும் வையுங்கள்.